மண்டையோடும் நங்கூரமும்: மட்டக்களப்பு, அம்பாறைப் பழைய கல்லறைக் குறிகளை வாசிப்பது எப்படி?

நவம்பர் 2ஆந் திகதி கத்தோலிக்கர் மரித்தோரை நினைவுகூரும் நாள். அதற்கு முந்திய நாட்களில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சேமக்காலைகளில் புல் செருக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, மெழுகுதிரி கொளுத்துவார்கள். வருடம் முழுக்கப் பற்றைக்குள் கிடந்த பழைய கற்கள் அப்போதுதான் வெயிலைக் காணும். கூடவே கைப்பேசிப் படங்கள் கிளம்பும், படங்களுக்குக் கீழே கதைகளும் கிளம்பும். மண்டையோடு இருந்தால் கடற்கொள்ளைக்காரன். நங்கூரம் இருந்தால் கப்பல் தலைவன். கவராயம் இருந்தால் இரகசியச் சங்கம். பாம்பு இருந்தால் கீழே புதையல்.

முதல் மூன்று கதைகளால் பெரிய கெடுதல் இல்லை. நான்காவது கதையை நம்பியவன் மண்வெட்டியோடு வருவான். ஆகவே இந்தக் குறிகளின் பொருள் என்ன, அவற்றை எந்த முறையில் வாசிக்கலாம் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சொற்கள்

கிறிஸ்தவர்கள் அடக்கம் செய்யும் இடத்தை இங்கே சேமக்காலை என்போம். சேமித்தல் என்ற சொல்லுக்குப் பிரேதத்தை அடக்கம் செய்தல் என்றும் பொருளுண்டு. முஸ்லிம்களுடையது மையவாடி, அங்கே தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நடுவது மீசான். பெரியார் ஒருவர் அடங்கிய இடம் ஸியாரம். சைவர்களுக்குச் சுடலை அல்லது மயானம். துறவியர் அடங்கிய இடம் சமாதி. போரில் விழுந்தவனுக்கு நட்ட கல் நடுகல். இந்தக் கட்டுரையில் 'கல்லறைக் குறி' என்பது, பெயரும் திகதியும் தவிர இக்கற்களில் வெட்டப்பட்டிருக்கும் உருவம், எழுத்துச் சுருக்கம், அலங்காரம் எல்லாவற்றையும் சேர்த்தது.

ஏன் இங்கே இத்தனை வகை?

ஒரே கரையோரத்தில் பல மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன.

1. வாகரைக்கு வடக்கே கதிரவெளியில் பெருங்கற்கால ஈமக்கல் அமைப்புகள் உள்ளன. இந்தக் காலத்துப் பண்பாட்டில் குறிகளைப் பெரும்பாலும் கல்லில் தேடக்கூடாது, மட்பாண்டத்தில் தேட வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கிடைத்த கறுப்புச் சிவப்புப் பானைகளில் கீறிய குறியீடுகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

2. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். அவர்களோடு வந்தவை கத்தோலிக்க மரபும், ஐரோப்பியரின் கலப்பு வழித்தோன்றல்களான பறங்கிச் சமூகமும்.

3. ஒல்லாந்தர் 1638இல் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். அவர்களுடையது சீர்திருத்தச் சபை. சொரூபம் வைக்கமாட்டார்கள், ஆனால் குடும்பச் சின்னத்தையும் மண்டையோட்டையும் கல்லில் வெட்டத் தயங்கமாட்டார்கள்.

4. 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கினார், மறுவருடமே இறந்துபோனார். விக்டோரியா காலத்துக் கல்லறைப் பாணி இந்த வழியாக வந்து சேர்ந்தது.

5. 1895இல் பிரெஞ்சு இயேசு சபைத் துறவியர் வந்தார்கள். அவர்களுடைய இலச்சினை கத்தோலிக்கக் கல்லறைகளிலும் தேவாலய முகப்புகளிலும் இன்றைக்கும் தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் அருகருகே காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று மையவாடிகளும், சைவர்களின் மயானங்களும் தங்கள் வழியில் இருந்துகொண்டே வந்திருக்கின்றன. ஆகவே ஒரே உருவம் பத்து யார் தூரத்துக்குள் மூன்று வெவ்வேறு பொருளில் நிற்கக்கூடிய இடம் இது.

குறி என்பது இரகசியம் அன்று

படுவான்கரையில் மேயும் மாட்டின் தொடையில் சுட்ட குறியைப் பார்த்ததும் எந்தக் குடி, யாருடைய பட்டி என்று பழைய ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் குறியில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்றுதானே சுடுகிறார்கள்? கல்லறைக் குறியும் இந்தச் சாதியைச் சேர்ந்தது. எழுத வாசிக்கத் தெரியாதவரும் பார்த்தவுடன் புரிந்துகொள்ளட்டும் என்றே வெட்டினார்கள். வாசிக்கும் பழக்கம் நம்மிடம் அறுந்துபோனதால் இன்று புதிராகத் தெரிகிறது.

ஒரு குறியைக் கண்டால் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கு:

1. கல் எந்தக் காலத்தது? திகதி அழிந்திருந்தால் மொழி, எழுத்து வடிவம், கல்லின் வகை ஆகியவை சொல்லும்.

2. இறந்தவர் எந்தச் சமயம், எந்தச் சபை?

3. பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது? தனிக்குறிக்குப் பொருள் குறைவு, கூட்டமாக நிற்கும்போதுதான் அது பேசும்.

4. கல் எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது?

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. கிறிஸ்தவ மரபில் தலை மேற்கே, கால் கிழக்கே: உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் முகம் உதயத் திசையில் இருக்கவேண்டும் என்பது எண்ணம். முஸ்லிம்கள் மையித்தை, அதாவது உடலை, வலப்பக்கமாகச் சாய்த்துக் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்கி வைப்பார்கள். மக்கா நமக்கு மேற்கே, சற்று வடக்குச் சாய்வாக இருப்பதால் கபுறு, அதாவது புதைகுழி, வடக்குத் தெற்காக நீளும். எழுத்தெல்லாம் அழிந்த கல்லிலும் திசை அழிவதில்லை, யாரும் பிடுங்கி நடாதவரை.

மண்டையோடு

நமக்கு மண்டையோடும் குறுக்கெலும்பும் மின்மாற்றித் தூணில் தொங்கும் 'அபாயம்' பலகையிலிருந்தும், கிருமிநாசினிப் போத்தலிலிருந்தும் பழக்கம். நஞ்சுக்கு அந்தக் குறி பரவியது 19ஆம் நூற்றாண்டில். கடற்கொள்ளைக்காரர் கறுப்புக் கொடியில் அதைப் பறக்கவிட்டது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஐரோப்பியக் கல்லறைகளிலோ அதற்கும் முன்பே அது இருந்தது. கொள்ளைக்காரர்தான் கல்லறையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கல்லறை அவர்களிடமிருந்து எடுக்கவில்லை.

17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லில் இந்தக் குறியின் பொருள்: 'நீயும் சாவாய், நினைவில் வை.' இலத்தீனில் இதை 'மெமென்ட்டோ மோரி' என்பார்கள். தமிழில் நிலையாமை என்கிறோமே, அதேதான். பேசுவது இறந்தவரைப் பற்றி அன்று, கல்லின் முன்னால் நிற்கும் நம்மைப் பற்றி. கூட மணல் கடிகை இருக்கலாம்: நேரம் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கடிகைக்குச் சிறகு முளைத்திருந்தால் நேரம் பறக்கிறது. அணைந்த மெழுகுதிரி, அரிவாள் எல்லாம் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்.

ஆனால் மண்டையோட்டுக்கு இன்னொரு பொருளும் உண்டு. சிலுவையில் இயேசு தொங்கும் கத்தோலிக்கப் பாடுபட்ட சுரூபத்தின் அடியில் சிறியதாக ஒரு மண்டையோடு இருந்தால் அது ஆதாமின் தலை. கொல்கொதா என்பதற்குக் 'கபாலஸ்தலம்' என்று பொருள். முதல் மனிதன் புதைந்த இடத்தின் மேலேயே சிலுவை நின்றது, முதல் பாவம் அங்கேயே கழுவப்பட்டது என்பது பழைய நம்பிக்கை. ஆகவே சிலுவைக்குக் கீழே என்றால் ஆதாம், தனியே அல்லது கடிகையோடு என்றால் நிலையாமை.

இதில் நமக்கு நெருக்கமான ஒரு சங்கதி இருக்கிறது. ஒல்லாந்தர் தங்கள் பெரிய கல்லறைப் பலகைகளை ஐரோப்பாவிலிருந்து மட்டும் வரவழைக்கவில்லை. பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம் போன்ற சோழமண்டலக் கரைத் தளங்களில் கருங்கல்லில் வெட்டுவித்து, கடல்வழியே தம் மற்றத் தளங்களுக்கும் அனுப்பினார்கள். பழவேற்காட்டு ஒல்லாந்துச் சேமக்காலையின் வாயிலில் இரு எலும்புக்கூட்டு உருவங்கள் இன்றும் நிற்கின்றன. கோயில் தூணில் கொடிக்கருக்கு வெட்டிப் பழகிய கைகள் ஒல்லாந்துக் குடும்பச் சின்னத்தைச் சுற்றிப் பூவேலை செய்தால் எப்படி இருக்கும்? அந்தக் கற்களின் ஓரச்சுருள்களைப் பார்த்தால் தெரியும். தெரியாத மொழியை எழுத்தெழுத்தாகப் பார்த்து வெட்டும்போது ஓரெழுத்து புரள்வதும் விடுபடுவதும் இயல்பு. அதைச் சங்கேத எழுத்து என்று படமெடுத்துப் போடுவதற்கு முன் இதை நினைக்கவேண்டும்.

ஒல்லாந்துப் பலகையில் கேடய வடிவம் குடும்பச் சின்னத்துக்கானது. சாய்சதுர வடிவத்தில் சின்னம் இருந்தால் இறந்தவர் பெண் என்று கொள்ளலாம். கேடயம் தலைகீழாக வெட்டப்பட்டிருந்தால் அந்த ஆண்வழி அவரோடு முடிந்தது என்பது பொருள். கல்தச்சரின் தவறு என்று எண்ணிவிட வேண்டாம்.

நங்கூரம் இரண்டு வகை

வாவியும் கடலும் சூழ்ந்த ஊரில் நங்கூரம் கண்டவுடன் கடலோடி என்று நினைப்பது இயற்கை. பெரும்பாலும் அது பிழை. எபிரெயருக்கு எழுதிய நிருபம் 6:19 நம்பிக்கையை ஆத்துமாவின் நங்கூரம் என்கிறது. ரோமாபுரியின் நிலவறைக் கல்லறைகளிலேயே இந்தக் குறி உண்டு. மேற்பகுதியில் குறுக்குச் சட்டம் இருப்பதால் சிலுவையின் சாயலும் அதற்குக் கிடைத்தது. சிலுவை, நங்கூரம், இதயம் மூன்றும் சேர்ந்திருந்தால் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கடலையே காணாத ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் கல்லறையிலும் அது இருக்கலாம்.

தொழிலைக் குறிக்கும் நங்கூரம் வேறு மாதிரி. தண்டைச் சுற்றிக் கயிறு சிக்கிச் சுழன்றிருக்கும். பிரித்தானியக் கடற்படையின் சின்னம் இந்தச் 'சிக்குண்ட நங்கூரம்'. போரில் இறந்த பிரித்தானிய, பொதுநலவாயப் படையினருக்குக் கல் நடும் போர்க்கல்லறை ஆணையத்தின் கற்களில், கடற்படையினருக்கு இதுவே மேற்பகுதியில் இருக்கும். அந்தக் கற்களை அளவிலேயே அடையாளம் காணலாம்: ஏறத்தாழ 81 சென்ரிமீற்றர் உயரம், 38 சென்ரிமீற்றர் அகலம், மேல்விளிம்பு மெல்லிய வளைவு. தளபதிக்கும் அதே அளவு, சமையற்காரருக்கும் அதே அளவு. 1917இல் தொடங்கிய அந்த ஆணையத்தின் கொள்கை அது.

இங்கே 'ஹெர்மிஸ்' பெயர் எப்படியும் வந்துவிடும். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த 'வாம்பயர்' கப்பலும், வேறொரு கப்பலுக்குத் துணை சென்ற 'ஹொலிஹொக்' கப்பலும் அன்றே போயின. ஆனால் கடலோடு போய் உடல் கிடைக்காதவர்களுக்குக் கல்லறை எதுவும் இல்லை. அவர்களின் பெயர்கள் இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள கடற்படை நினைவுச்சின்னங்களில் இருக்கின்றன. ஆகவே உள்ளூர்ச் சேமக்காலையில் ஒரு நங்கூரத்தைக் கண்டு 'ஹெர்மிஸ் மாலுமி' என்று எழுதும் முன் மூன்றைப் பாருங்கள்: கயிறு சிக்கியிருக்கிறதா, திகதி 1942தானா, கல்லின் அளவு என்ன?

கவராயமும் மூலைமட்டமும்

எனக்குத் தெரிந்தவரை மட்டக்களப்பில் மிகக் கவனமாக வாசிக்கவேண்டிய குறி இதுதான். மூன்று வாசிப்புகள் உண்டு.

1. விரித்த கவராயம், அதன்மேல் கோத்த மூலைமட்டம், சிலவேளை இரண்டுக்கும் நடுவே ஆங்கில 'ஜீ' எழுத்து: இறந்தவர் பிறீமேசன் சகோதரத்துவ அமைப்பின் உறுப்பினர். ஆங்கிலேயர் கால உத்தியோகத்தரிடையே இது சாதாரணம். சாத்தானுக்கும் இதற்கும் தொடர்பு கற்பிப்பது பின்னால் வந்த பேச்சு.

2. மூலைமட்டத்தோடு மரம் அரியும் வாள், உளி, சீவுளி: அவர் தச்சர். மட்டக்களப்புப் பறங்கியரில் தச்சுவேலையும் இரும்புவேலையும் பரம்பரைத் தொழிலாக இருந்தவை. வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல், வெளியில் தமிழ், கையில் உளி என்று வாழ்ந்த சமூகம். அவர்களின் கல்லறையில் கருவிகள் இருந்தால் அது தொழிலின் பெருமை.

3. சுத்தியல், குறடு, மூன்று ஆணி, ஏணி, ஈட்டி: தச்சுப் பட்டறை என்று நினைக்கவேண்டாம். இயேசுவைச் சிலுவையில் அறையவும் இறக்கவும் பயன்பட்டவை. 'பாடுகளின் கருவிகள்' என்று கத்தோலிக்கர் சொல்வார்கள். கூடவே சேவல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பேதுரு மறுதலித்தபோது கூவிய சேவல் அது.

சுத்தியல் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பது யார் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது.

எழுத்துகள் குறிபோல் நிற்கும்போது

'ஐ.எச்.எஸ்.' என்ற மூன்றெழுத்தைப் பலர் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாக விரிக்கப் பார்க்கிறார்கள். அவை கிரேக்கத்தில் இயேசுவின் பெயரின் முதல் மூன்றெழுத்துகள்: இயோட்டா, ஏட்டா, சிக்மா. நடு எழுத்து 'எச்' போலத் தெரிந்தாலும் ஒலி 'ஏ'. மேலே சிலுவை, கீழே மூன்று ஆணி, சுற்றிக் கதிர் இருந்தால் இயேசு சபையின் இலச்சினை. 'ஐ.என்.ஆர்.ஐ.' என்பது சிலுவையின் மேல் பிலாத்து எழுதுவித்த 'நாசரேத்தூர் இயேசு, யூதரின் அரசன்' என்ற இலத்தீன் வாசகம். 'ஆர்.ஐ.பி.' சாந்தியில் இளைப்பாறுக. 'ஏ.இ.டி.' என்று வந்து பின்னால் ஓர் எண் இருந்தால் இறந்தபோது வயது.

தமிழ்க் கற்களில் இன்னும் சுவையான குழப்பம் உண்டு. ௳, ௴, ௵ என்ற வடிவங்களை மந்திரக் குறி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவை முறையே நாள், மாதம், வருடம். பழைய கணக்கேட்டிலும் காணி உறுதியிலும் சாதாரணமாக வந்தவை. எண்ணும் தமிழெண்ணாக இருக்கலாம்: ௲௮௱௬௰௨ என்றால் 1862. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து என்பது தெரிந்தால் போதும்.

வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றைக் கொண்டு கணக்கிடவேண்டும். பிரபவ வருடம் 1867, 1927, 1987 சித்திரைகளில் பிறந்தது. அதிலிருந்து எண்ணினால் 'துந்துபி' 1862, 1922, 1982 ஆகிய மூன்றில் ஒன்று. எது என்று எழுத்தின் வடிவமும் கல்லும் தீர்மானிக்கும். சித்திரையில் வருடம் பிறப்பதால் தை முதல் பங்குனி வரையான மாதங்களுக்கு ஆங்கில ஆண்டில் ஒன்று கூட்டவேண்டும். துந்துபி மாசியில் இறந்தவர் 1863இல் இறந்தவர்.

சொற்களே சபையைக் காட்டிக்கொடுக்கும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றால் மெதடிஸ்த, அங்கிலிக்கன் பக்கம். 'நித்திய இளைப்பாற்றி', 'சேசு', 'அர்ச்.' என்ற சொற்கள் பழைய கத்தோலிக்கம். கடைசியில் உள்ளது அர்ச்சியசிஷ்டர், அதாவது புனிதர், என்பதன் சுருக்கம். 'தோற்றம் – மறைவு', 'மலர்வு – உதிர்வு' இரண்டும் பின்வந்த வழக்கு. 1850 என்று திகதியிட்ட கல்லில் 'மலர்வு – உதிர்வு' கண்டால், பிற்காலத்தில் குடும்பத்தார் மாற்றி வைத்த கல் என்று துணிந்து சொல்லலாம்.

விக்டோரியா காலத்துச் சரக்கு

18ஆம் நூற்றாண்டு முடியும்போது மண்டையோடு பொதுவாக மறைந்து, துக்கத்தின் மென்மையான உருவங்கள் வருகின்றன. இவற்றில் பல மாதிரிப் புத்தகத்தைப் பார்த்துத் தெரிவு செய்தவை. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஆழமான பொருள் தேடிக் களைக்கத் தேவையில்லை.

முறிந்த தூண்: பாதியில் அறுந்த ஆயுள். தூண் கல்லிலேயே முறிந்ததாக வெட்டப்பட்டதா, 1978 நவம்பர் சூறாவளியிலோ அதன் பின்னரோ முறிந்ததா என்பதை முறிவின் விளிம்பு சொல்லும். வெட்டியதென்றால் வழவழப்பாக இருக்கும். துணி போர்த்த தாழி: உலகுக்கும் மறுவுலகுக்கும் இடையிலான திரை. ஆட்டுக்குட்டி: பச்சைக் குழந்தை. தலைகீழ்ப் பந்தம்: அணைந்த உயிர். மேலே சுட்டும் விரல்: பரலோகம். கோத்த இரு கை: பிரியாவிடை அல்லது மறுபடி கூடல், மணிக்கட்டைப் பாருங்கள், ஒன்றில் ஆணின் சட்டைக் கையும் மற்றதில் பெண்ணின் சரிகைக் கையும் இருந்தால் கணவன் மனைவி. பூக்களை விட்டுவிடலாம், மொட்டு இளம் வயது, பூ நடு வயது என்பதற்குமேல் உறுதியாகச் சொல்ல அதிகமில்லை.

கதிர்க்கட்டு மட்டும் இங்கே ஒரு வேடிக்கை. அம்பாறை வயல்வெளிக்கு நடுவில் அதைக் கண்டால் போடியார், அதாவது பெரிய வயற்காரர், ஒருவரின் கல்லறை என்றுதான் தோன்றும். அது யோபு 5:26இல் வரும் உவமை: பருவத்தில் விளைந்து களஞ்சியம் சேரும் கதிர்போல, நிறைவயதில் இறந்தவர். வெட்டியவர் நினைத்தது கோதுமை.

மையவாடிக் கற்கள்

மீசான் என்ற அரபுச் சொல்லுக்குத் தராசு என்று பொருள். மறுமையில் நன்மை தீமை நிறுக்கப்படும் தராசு. அந்தப் பெயர் தலைமாட்டுக் கட்டைக்கு ஒட்டிக்கொண்டது. பல இடங்களில் அது வெறும் பலகை அல்லது கரடான கல்; எழுத்தே இராது. இது வறுமையின் அடையாளம் என்று வெளியார் எழுதுவது பிழை. கபுறை உயர்த்திக் கட்டக்கூடாது என்ற மார்க்க நிலைப்பாட்டின்படி எளிமையே விதி.

எழுத்து இருந்தால் பெரும்பாலும் 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' (குர்ஆன் 2:156) அல்லது ஒவ்வோர் ஆத்மாவும் மரணத்தைச் சுவைக்கும் என்ற வசனம் (3:185). 786 என்ற எண் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்பதன் அரபு எழுத்துகளுக்குரிய எண்மதிப்பின் கூட்டுத்தொகை. வீட்டிலக்கமோ கபுறு இலக்கமோ அன்று. பிறையும் நட்சத்திரமும் உதுமானியக் கொடியின் செல்வாக்கால் பரவியவை. எனவே அவை உள்ள கல் மிகப் பழையது என்று சொல்ல எச்சரிக்கை வேண்டும்.

திகதி இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் இருந்தால், அந்த எண்ணை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு. ஹிஜ்ரி 1300 பிறந்தது 1882 நவம்பரில். வெறுமனே 622ஐ மட்டும் கூட்டினால் 1922 என்று வந்து, நாற்பது வருடம் பிழைத்துவிடும். சந்திர வருடத்துக்கு 354 நாள் என்பதை மறந்ததன் விளைவு.

கொடியும் பச்சைத் துணியும் உள்ள இடமெல்லாம் அடக்கஸ்தலம் என்று எண்ணவும் கூடாது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் கொடியேற்றம் நடப்பது நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக. அவர் அடங்கியிருப்பது தமிழ்நாட்டு நாகூரில். உடல் இல்லாமலே ஓர் இடம் ஸியாரத்தின் மரியாதையைப் பெறலாம்.

சைவர்களிடம்

எரிப்பவர்களுக்குக் கல் தேவைப்படுவதில்லை. ஆனால் இந்தக் கிழக்குக் கரையில் சைவர்கள் பலர் புதைக்கவும் செய்கிறார்கள். வீரசைவக் குருக்கள்மார் மரபிலும் தகனம் இல்லை. சமாதிமேல் இலிங்கம் வைத்தால், அடங்கியவர் சிவத்தோடு கலந்தார் என்பது பொருள். காரைதீவில் பிறந்து 1947இல் மறைந்த சுவாமி விபுலாநந்தரின் சமாதி கல்லடி உப்போடையில் இருக்கிறது. அங்கே பேசுவது உருவத்தைவிட எழுத்து: இறைவன் விரும்பும் மலர் எது என்று கேட்கும் அவருடைய பாடலே பொறிக்கப்பட்டுள்ளது.

குழப்பம் வருவது கல்லறையே அல்லாத கற்களால்தான். திரிசூலம் மட்டும் வெட்டிய கல் கோயில் நிலத்தின் எல்லைக்கல்லாக இருக்கலாம், சூலக்கல் என்பார்கள். சூரியனும் சந்திரனும் இருந்தால் 'அவை உள்ளவரை' என்று நிலைபேற்றைக் குறிக்கும். நடுகல்லிலும் வரும், தானக் கல்வெட்டிலும் வரும். காகமும் நாயும் வெட்டிய தூண்கள் இலங்கையின் இடைக்காலக் கல்வெட்டுகளில் உண்டு: இந்தத் தானத்தைக் கெடுப்பவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்ற சாபம் அது. அதைச் சடங்குக்குழி என்று நினைத்துத் தோண்டினால் கிடைப்பது சாபம் மட்டுமே.

பாம்பும் புதையலும்

நாகம் புதையலைக் காக்கும் என்பது நம் ஊர்க் கதைகளில் ஊறியது. கல்லில் உள்ள பாம்போ நான்கில் ஒன்றாக இருக்கும்: மரத்தடியில் பிள்ளைவரம் வேண்டி வைத்த பின்னிய நாகக்கல், பௌத்தத் தொல்லிட வாயிலின் காவற்கல், தன் வாலைத் தானே கவ்வி வட்டமாக இருக்கும் ஐரோப்பியப் பாம்பு, அதாவது முடிவின்மை, சிலுவையடியில் மிதிபடும் பாம்பு, அதாவது தோற்ற பாவம். இவற்றில் எதன் கீழும் பொன் வைக்கும் மரபில்லை. கிறிஸ்தவ, இஸ்லாமிய அடக்கங்களில் உடலோடு செல்வம் புதைப்பதே வழக்கமன்று.

தோண்டுவதன் சட்ட விளைவு கடுமையானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றி அகழ்வது குற்றம். அடக்க இடத்துக்குள் அத்துமீறுவதைத் தண்டனைச் சட்டக்கோவையும் தனியாகக் குற்றமாக்குகிறது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றுண்டு. கல் இடம்மாறினால் திசை போகும், பக்கத்துக் கல்லோடு உள்ள உறவு போகும். மேலே சொன்ன நான்கு கேள்விகளில் இரண்டுக்கு அதன்பின் விடையே கிடைக்காது. 2004 டிசம்பர் 26இல் கரையோரத்தை அள்ளிய கடல் எத்தனையோ தடயங்களைக் கொண்டுபோனது. மிச்சம் உள்ளதை மண்வெட்டிக்குக் கொடுக்கத் தேவையில்லை.

கெடுக்காமல் வாசிக்க

1. கம்பிப் புருசு, அமிலம், குளியலறை கழுவும் திரவம் எதுவும் வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தும் பளிங்கும் அமிலத்தில் கரையும். உப்புக்காற்றில் ஏற்கெனவே உதிர்ந்துகொண்டிருக்கும் மேற்பரப்பு ஒரே கழுவலில் போய்விடும்.

2. எழுத்துக்குள் மாவோ சோக்குத்தூளோ பூசவேண்டாம். மாவில் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும்.

3. காலை ஏழு மணி, மாலை ஐந்து மணி வெயிலில் போங்கள். சாய்ந்த ஒளியில் மங்கிய வெட்டும் நிழல் விழுந்து தெரியும். நடுப்பகலென்றால் முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம். இருட்டிய பின் கைப்பேசி வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தாலும் போதும்.

4. வருடாவருடம் அடிக்கும் வெள்ளையே பல கற்களின் எழுத்தை மூடியிருக்கிறது. சுரண்டவேண்டாம். எழுத்துள்ள கல்லுக்கு இனிமேல் வெள்ளையடிக்காமல் விட்டாலே போதும்.

5. ஐரோப்பியர் கல்லாக இருந்து இப்போது வாசிக்க முடியாவிட்டால், ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி 1913இல் வெளியிட்ட இலங்கைக் கல்லறை வாசகப் பட்டியலில் தேடலாம். கல் அழிந்தும் வாசகம் அதில் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு.

6. முகப்பை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்புறம், பக்கவாட்டு, கல் மண்ணோடு சேரும் அடிவிளிம்பு மூன்றையும் எடுங்கள். 19ஆம் நூற்றாண்டுப் பளிங்குக் கற்களில் அந்த அடிவிளிம்பின் மூலையில், புல்லை விலக்கினால்தான் தெரியுமளவு சின்ன எழுத்தில், ஒரு பெயரும் சிலவேளை ஊரும் இருக்கும். அது அடங்கியவரின் பெயரன்று, வெட்டிய பட்டறைக்காரருடையது.